வெளிச்சுவருக்கு மட்டும் பெயிண்ட்

மாசி மாதத்தில் யாராவது வீட்டுக்கு வெள்ளை அடிப்பார்களா? எங்கள் பக்கம் அடிக்க மாட்டார்கள். மார்கழிக் கடைசியில் அடித்து, தைப் பொங்கல் நோம்பிக்குப் பளிச்சென்று வைத்துக்கொண்டால், அப்புறம் ஒரு வருடத்துக்கு அந்தப் பேச்சே கிடையாது. அதனால், மாசி பிறந்து பத்து நாள்கூட ஆகாத ஒரு காலையில் என் மகன் கோயமுத்தூரிலிருந்து வந்து இறங்கி, "அம்மா, ஊட்டுக்குப் பெயிண்ட் அடிக்கலாமுங்களா?" என்று கேட்டதுமே, இதில் வேறு ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டுவிட்டது.

வீடு, அன்னூரிலிருந்து கிழக்கே போகிற ரோட்டை ஒட்டி, தோட்டத்துக்குள் இருக்கிறது. நானும் என் வீட்டுக்காரரும் கட்டிய வீடு. கிணறு கைகொடுத்த வருடம் அஸ்திவாரம் போட்டோம். அவர் கொத்தனாருக்குக் கல் எடுத்துக் கொடுத்தார், நான் கலவை சுமந்தேன். கூலிக்கு ஆள் கிடைக்காமல் இல்லை. என் வீட்டுக்கு நான்தான் சுமப்பேன் என்று சுமந்தேன். பத்திரத்தை அவர் என் பேரில் எழுதினார். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. மூத்த மகளை ஈரோட்டில் கட்டிக்கொடுத்தோம். மகன் டவுனில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். மருமகளும் பேரனும் அவனோடு. பேரனுக்கு முப்பத்திரண்டு முடிந்துவிட்டது, ஜாதகம் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, அது தனிக் கவலை. நான் இங்கே. "தனியாவா இருக்கறீங்க?" என்று கேட்கிறவர்களிடம், "தனியா இல்லீங்க, என்ற ஊட்ல இருக்கறேன்" என்று சொல்லிவிடுவேன்.

நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன். பேப்பரை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மனிதர்களைப் படிக்க எழுத்துக் கூட்ட வேண்டியதில்லை.

பெயிண்டுக்கு முன்னால் டெக் வந்தது. அதைச் சொல்லாமல் இது புரியாது. பொங்கல் முடிந்த கையோடு மகன் இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். வீட்டுக்கு முன்னால், தென்னை மரங்களைப் பார்த்த மாதிரி, இரும்புச் சட்டம் அடித்து, அதற்கு மேல் பலகை பலகையாகப் போட்டு, ஒரு முழ உயரத்துக்கு ஒரு மேடை கட்டினார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் விரல் நுழைகிற சந்து. கூரை கிடையாது. வெயிலும் மழையும் நேராக விழும்.

"கரையான் தின்னுபோடும் கண்ணு" என்றேன்.

"இது கரையான் திங்காத மரமுங்க அம்மா. டெக்குன்னு பேரு. சாயங்காலம் காத்தாட உக்காந்துக்கலாம்."

"காத்தாட உக்கார எனக்கு வேப்பமரம் இல்லையா?"

அவன் சிரித்துக்கொண்டே ஆட்களுக்கு அளவு சொல்லப் போய்விட்டான். நான் அந்தப் பலகையில் காலை வைக்கவில்லை. எதற்கென்று தெரியாத ஒன்றின்மேல் எனக்கு ஏற வராது. சுற்றிக்கொண்டுதான் வாசலுக்கு வந்தேன், போனேன்.

இப்போது டெக் செம்பழுப்பாக இருக்கிறது, வீடு கிளிப்பச்சையாக இருக்கிறது, இரண்டும் சேரவில்லை, அதனால் பெயிண்ட் என்றார்கள். கிளிப்பச்சை நான் சொல்லி அடித்தது. பஸ்ஸில் கண்டக்டர்கூட 'பச்சை ஊடு' என்று சொல்லித்தான் ஆள் இறக்குவார்.

"உள்ளயும் அடிக்கறதா?" என்று கேட்டேன்.

"உள்ள அப்பறம் பாத்துக்கலாமுங்க. இப்போதைக்கு வெளிய மட்டும்."

அந்தச் சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. வெளியே மட்டும். நான் பிறந்தது காங்கேயத்துப் பக்கம். எங்கள் அப்பா சந்தைக்கு மாடு கொண்டுபோவதற்கு முந்தின நாள், கொம்பைக் கண்ணாடித் துண்டால் சுரண்டி, விளக்கெண்ணெய் தடவி, குளம்பைத் தேய்த்துக் கழுவி, நெற்றிக்குப் புதுக் கயிறு கட்டுவார். மாடு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கும். வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? வீட்டிலேயே நிற்கப்போகிற மாட்டுக்கு அப்பா ஒரு நாளும் கொம்பு சுரண்டியதில்லை. உள்ளே புகை அடைந்த சமையல்கட்டு அப்படியே இருக்க, ரோட்டிலிருந்து தெரிகிற சுவருக்கு மட்டும் பெயிண்ட் என்றால் எனக்கு வேறு என்ன தோன்றும்? வீட்டை விற்கப்போகிறான்.

அன்று மத்தியானமே பக்கத்துத் தோட்டத்து ஓரகத்தி வந்தாள். பங்காளி வீட்டு முறையில் எனக்கு ஓரகத்தி. டெக்கைச் சுற்றி வந்து, குனிந்து, பலகைச் சந்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனக்கா, இதுக்குக் கீழ என்ன வெப்பாங்க? கோழியா?"

"ஒண்ணும் வெக்க மாட்டாங்களாமா."

"ஒண்ணும் வெக்காததுக்கு இத்தன செலவா?" நிமிர்ந்து முந்தானையைச் சொருகிக்கொண்டு சொன்னாள். "மேக்கால தோட்டத்துக்காரங்களும் இப்பிடித்தான் ஆரம்பிச்சாங்க. மொதல்ல வாசல்ல கல்லுப் பதிச்சாங்க. அப்பறம் பெயிண்ட் அடிச்சாங்க. இப்ப அங்க பாருங்க, மனை மனையாப் பிரிச்சு சைட்டுக் கல்லு நட்டு நிக்குது. நான் ஒண்ணுஞ் சொல்லலீங்கக்கா."

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போவதில் அவளுக்கு ஈடு கிடையாது. ஆனால் அவள் சொன்னதில் பொய்யும் கிடையாது.

மறுநாள் மகனோடு வந்திருந்த மருமகள் ரோட்டு ஓரத்தில் நின்று வீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை இல்லை. வலது பக்கமாகப் போய் ஒன்று, இடது பக்கமாக ஒன்று, டெக்கில் ஒரு சேரைப் போட்டு ஒன்று, சேரை எடுத்துவிட்டு ஒன்று.

"ஆருக்கு அம்மணி போட்டோ?"

"சும்மாங்க அத்தை. டெக்குக்கு எந்தக் கலரு சேருதுன்னு போன்ல போட்டுப் பாக்கறேன். இங்க பாருங்க."

காட்டினாள். போனுக்குள் என் வீடு இருந்தது. அவள் விரலால் தொட்டதும் வெள்ளையானது. மறுபடி தொட்டதும் சாம்பலானது. இன்னொரு தொடலில் மஞ்சள். என் ஜன்னல், என் கதவு, என் தென்னை மரம் எல்லாம் இருந்தன. ஆனாலும் யாரோ வெளியூர்க்காரர் வீடு மாதிரி இருந்தது. ஒரு தொடலில் இவ்வளவு நடந்துவிடும் என்றால், பத்திரத்துக்கும் இப்படி ஒரு தொடல் இருக்குமோ என்று நினைத்தேன்.

பெயிண்டர் ஒருவர் வந்தார். அன்னூர்க்காரர். நல்ல மனுஷன், வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். பச்சைச் சுவரைச் சுரண்டி, பட்டி பூசி, டெக்குக்குப் பக்கத்தில் மூன்று கட்டமாக மூன்று கலர் அடித்துக் காட்டினார். பால் வெள்ளை, சாம்பல், செங்கல் சிவப்பு. அடித்துவிட்டு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்களே சொல்லுங்க அம்மா. உங்க ஊடு" என்றான் மகன்.

இதுவரை எப்போது கேட்டான்? டெக் போடும்போது கேட்டானா? கேட்காதவன் கேட்கிறான் என்றால், என் வாயால் ஒரு சரி வாங்கப் பார்க்கிறான். ஒரு சரி சொன்னால் அடுத்த சரியும் சொல்ல வேண்டி வரும். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கலர் முடிவாகாத வரைக்கும் வேலை முடியாது. வேலை முடியாத வரைக்கும் வீட்டை யாருக்கும் காட்ட முடியாது.

வெள்ளையைப் பார்த்து, "வெள்ளச் சேல கட்டுன நா இருக்கற ஊட்டுக்கு வெள்ளக் கலரா? ரோட்ல போறவங்க எழவு ஊடுன்னு எறங்கி வந்துருவாங்க" என்றேன்.

"சாம்பல் பாருங்க அத்தை. இப்பல்லாம் டெக்கு வெச்ச ஊட்டுக்கு இதுதான் அடிக்கறாங்க. சிமெண்ட் கிரேன்னு பேரு."

"சிமெண்ட் கலரு வேணும்னா சிமெண்ட்ட அப்பிடியே உட்டுப்போடலாமே. அதுக்கு எதுக்குப் பெயிண்ட்டு?"

பெயிண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். மருமகள் சிரிக்கவில்லை. செங்கல் சிவப்பு யாருக்கும் பிடிக்கவில்லை, அவர் வாளியில் மிச்சம் இருந்ததை அடித்துக் காட்டியதுதான். இப்படியே நான்கு நாள் ஓட்டினேன். காலை வெயிலில் பார்க்க வேண்டும் என்றேன். மத்தியானம் பார்க்க வேண்டும் என்றேன். ஒரு நாள் சுவரில் தண்ணீர் ஊற்றி, மழையில் எப்படி இருக்கும் என்று பார்க்கச் சொன்னேன். மகன் தினமும் வந்தான், போனான். கோபப்படவே இல்லை. அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. சின்னதிலிருந்தே முன்கோபக்காரன் அவன்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிக்கோணுமுங்க அம்மா."

"ஏங் கண்ணு, ஞாயித்துக்கெழம என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. லீவு நாளு, அதாஞ் சொன்னேன்."

லீவு நாளுக்கும் சுவருக்கும் என்ன? வாங்குகிறவன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான், அவ்வளவுதான்.

நேராகக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டால் அவன் பதில் சொல்வான். இல்லை என்றால், பெற்ற மகன் சொல்கிறான் என்று நான் நம்ப வேண்டும், நம்ப என்னால் முடியாது. ஆமாம் என்றால், பட்டறைக்கு வேண்டும் அம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால், நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அவன் ஏமாற்றிவிடுவான் என்ற பயம் கொஞ்சம்தான். அவன் கேட்டுவிடுவானோ என்ற பயம்தான் பெரிது.

அதனால் ஆத்தாளிடம் போனேன்.

எங்கள் பக்கம் முக்கியமான எதற்கும் பூக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து மாரியாத்தா முன்னால் போட்டு, மனதில் நினைத்துக்கொண்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த பூதான் உத்தரவு. கிணறு வெட்ட, கல்யாணம் பேச, எல்லாவற்றுக்கும் கேட்போம்.

"கலருக்கு ஆத்தாகிட்டப் பூக் கேக்கலாம். வெள்ளை வந்தா வெள்ளை. செவப்பு வந்தாச் செவப்பு" என்று வீட்டில் சொன்னேன். மருமகளுக்கு முகம் தெளிந்தது. பாதிக்குப் பாதி வெள்ளை வருமே.

வெளியே சொன்னது அது. மனதுக்குள் நினைத்தது வேறு. ஆத்தா, என் மகன் இந்த வீட்டை விற்கப்போகிறான் என்றால் சிவப்புக் கொடு, இல்லை என்றால் வெள்ளை கொடு. இதுதான் என் கேள்வி.

வெள்ளிக்கிழமை காலையில் மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். மருமகள் பூசாரியிடம் தனியாக ஏதோ பேசினாள். தேங்காய் பழத்தட்டு பற்றித்தான் இருக்கும். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "பொட்டலத்த நானே கட்டறேனுங்க" என்று வாங்கி நானே கட்டினேன். இரண்டும் ஒரே எடையாக, ஒரே மடிப்பாக. பூசாரியின் பேத்தி, ஐந்து வயது இருக்கும், கையை நீட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தது.

பிரித்தேன். சிவப்பு அரளி.

இலையை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். மகன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "ஆத்தாளே சொல்லிப்போட்டா. செவப்பே அடிச்சுறலாமுங்க" என்றான். மருமகள் மட்டும் பூசாரியை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம், "ஆத்தா சொன்னாச் சரிதானுங்க" என்றாள். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் பாவமாக இருக்கிறது. அன்று எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. விற்கிறான் என்று ஆத்தா சொல்லிவிட்டாள், இவர்கள் கலரைப் பற்றிப் பேசுகிறார்களே என்றுதான் இருந்தது.

அன்று மத்தியானமே செங்கல் சிவப்பு டப்பா டப்பாவாக வந்தது. சாயங்காலத்துக்குள் முன்பக்கம் முழுக்க ஒரு கோட். டெக் சிவப்பு, சுவர் சிவப்பு, கீழே மண்ணும் எங்கள் ஊரில் சிவப்பு. பச்சை வீடு போன இடம் தெரியவில்லை.

ஓரகத்தி வேலியோரம் நின்றபடியே கேட்டாள். "ஏனக்கா, பெயிண்ட்டா அடிக்கறீங்க? சூளைக்குத் தீ வெச்சுட்டாங்களோன்னு நெனச்சு ஓடியாந்தேன்."

பெயிண்டர் ரோலரைக் கீழே வைத்துவிட்டு, மரியாதை குறையாமல் சொன்னார். "கலரு நல்லாத்தானுங்க இருக்குது. டெக்குதான் எங்க போச்சுன்னு தேட வேண்டியிருக்குது."

மருமகள் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். மகன் என் பக்கத்தில் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அம்மா, நாளைக்கு உங்கள ஈரோட்ல அக்கா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேனுங்க. ரெண்டு நாள் இருந்துட்டு, திங்கக்கெழம வந்துறலாம். பெயிண்ட் வாசம் உங்களுக்கு ஒத்துக்காதுங்க."

நான்கு நாளாக அந்த வாசத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு இருமல் கிடையாது.

நான் உள்ளே போனேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து, சேலைக்கு அடியில் இருந்த மஞ்சள் பையை எடுத்தேன். அதற்குள்தான் பத்திரம். எடுத்துக்கொண்டு நேராக வாசலுக்கு வந்து, டெக்கில் ஏறினேன். அன்றுதான் முதல் தடவையாக ஏறுகிறேன். பலகை காலுக்கடியில் லேசாக அதிர்ந்தது. நடுவில் போய் உட்கார்ந்து, பையை மகன் முன்னால் போட்டேன்.

"எங்க கையெழுத்துப் போடோணும்னு சொல்லு. போட்டுத்தாரேன். என்னைய ஈரோட்டுக்கு ஓட்டிப்போட்டுச் செய்ய வேண்டாம்."

அவனுக்குப் புரியவில்லை. பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"என்ன கையெழுத்துங்க?"

"ஊட்ட விக்கறதுக்கு."

"ஊட்ட விக்கறதா? ஆருங்கம்மா சொன்னது?"

"நீ ஒண்ணுஞ் சொல்லல. அதுதான் சொல்லுச்சு. வெளிய மட்டும் மினுக்கறே. போட்டோப் புடிக்கறீங்க. ஞாயித்துக்கெழமைங்கறே. ஆரு வாராங்க ஞாயித்துக்கெழம?"

வாசற்படியில் மருமகள் வந்து நின்றாள். பெயிண்டர் ஏணியில் இருந்தவர், இறங்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் அங்கேயே சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.

மருமகள்தான் சொன்னாள். "பொண்ணூட்டுக்காரங்க வாராங்க அத்தை. நம்ம தம்பிக்கு, உங்க பேரனுக்கு. ஊடு பாக்க வாராங்க."

எங்கள் பக்கம் அது உண்டு. ஜாதகம் பொருந்திவிட்டால், பெண் வீட்டார் சொந்தபந்தம், ஒறம்பரையோடு வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பார்கள். வீடு, தோட்டம், கிணறு, மாட்டுச்சாளை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார்கள். முன்னெல்லாம் ஓர் ஒப்புக்குப் பார்ப்பார்கள். இப்போது எங்கள் சனத்தில் பெண் கிடைப்பதே அரிதாகிவிட்டது, அதனால் அவர்கள் பார்க்கிற பார்வையே வேறு. போட்டோவே முதலில் புரோக்கருக்குப் போக வேண்டுமாம். டவுனில் இருக்கிறது வாடகை வீடு. சொந்த வீடு என்று காட்ட இதுதான். டெக்கும் அதற்குத்தான். அந்தப் பெண் வீட்டில் டெக் இருக்கிறதாம்.

"நல்ல சேதிதான? அத எனக்கு ஏஞ் சொல்லல?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தென்னை மட்டை ஒன்று எங்கேயோ விழுந்த சத்தம் கேட்டது. பெயிண்டர் இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருசம் வந்தாங்கல்லங்க, திருப்பூர்க்காரங்க" என்றான் மகன் மெதுவாக. "கெணத்துல தண்ணி இருக்குதுங்களான்னு ஒரு வார்த்த கேட்டாங்க. நீங்க என்ன சொன்னீங்க?"

எனக்கு ஞாபகம் இருக்கிறது. 'தண்ணி பாக்க வந்தீங்களா, மாப்பிள்ள பாக்க வந்தீங்களா?' என்று கேட்டேன். கேட்டது தப்பா? அந்த ஆள் கிணற்று மேட்டில் நின்று கல் வேறு போட்டுப் பார்த்தார். என் கிணற்றில் கல் போட அவர் யார்? அவர்கள் காப்பி குடிக்காமல் காரில் ஏறிப் போனார்கள். பேரன் அதற்கப்புறம் மூன்று மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. பட்டறை வேலை என்று சொன்னார்கள், நானும் நம்பினேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டைக் காட்டுவதற்காக என்னை மறைக்கிறார்கள். சுவரில் விரிசல் இருந்தால் பட்டி பூசுவது மாதிரி, என்னை ஈரோட்டில் வைத்துப் பூசப் பார்த்திருக்கிறார்கள். என் சந்தேகம் பொய்யில்லை. வீட்டை விட்டுத்தான் அனுப்பப் பார்த்தார்கள், இரண்டே நாளைக்கு. விற்கிறான் என்று நினைத்திருந்தபோது வராத அழுகை இப்போது வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"நான் ஆத்தாகிட்டக் கேட்டது கலரு இல்ல" என்றேன்.

"பொறகு?"

"நீ ஊட்ட விக்கறியான்னு கேட்டேன். விக்கறதுன்னா செவப்புன்னு நெனச்சேன்."

மகன் என்னைப் பார்த்தபடியே டெக்கில் உட்கார்ந்தான். சிரிக்க ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மருமகள் சிரிக்கவில்லை. ஓர் அடி முன்னால் வந்து, என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அத்தை, அப்ப ஆத்தா செவப்புன்னு சொன்னது பெயிண்ட்டுக்கு இல்லீங்களா?"

"இல்ல அம்மணி."

"ஏனுங்க!" என்று ஏணியைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று முப்பத்து மூன்று வருடமாக எனக்குத் தெரியாது. "நிறுத்துங்க! ரோலரக் கீழ வெய்யுங்க!"

ஆத்தாள் பொய் சொல்ல மாட்டாள். வாயால் ஒன்றும் மனதால் ஒன்றும் கேட்டவள் நான். எதற்கு என்று அவளுக்கே குழப்பம் வந்திருக்கும். தப்பு என்னுடையது. அடுத்த வெள்ளி ஒரு பொங்கல் வைத்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் சனிக்கிழமை ஒரு நாள்தான் இருந்தது. சிவப்பை மூட வேண்டும். வெள்ளை அடித்தால் சிவப்பு உள்ளிருந்து ரோஸாகத் தெரியும் என்றார் பெயிண்டர். சாம்பலுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மருமகள் போனைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் எழுந்து சாளைப் பக்கம் போய், தீவனப் போரிலிருந்து ஒரு கை சோளத்தட்டு உருவிக்கொண்டு வந்து டெக்கின்மேல் போட்டேன். மாசி வெயிலில் காய்ந்த தட்டு. பழுப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. செம்பழுப்புப் பலகைமேல் அது தனியாகத் தெரிந்தது, ஆனால் உறுத்தவில்லை. பலகையும் எடுப்பாகத் தெரிந்தது.

"இந்தக் கலரு இருக்குதுங்களா உங்க கார்டுல?"

பெயிண்டர் கார்டை விசிறி மாதிரி விரித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு தள்ளி மூன்றாவதில் பொருந்தியது. "இருக்குதுங்க. இது செவப்பையும் மூடிரும்" என்றார். கீழே இரண்டு அடிக்கு டெக்கின் நிறத்தையே அடிக்கச் சொன்னேன். மழை பெய்தால் செம்மண் தெறிப்பது அந்த உயரத்துக்குத்தான். அது போனுக்குத் தெரியாது. மருமகள் ரோட்டுக்கு ஓடிப்போய் நின்று பார்த்துவிட்டு வந்து, "நல்லா இருக்குதுங்க அத்தை" என்றாள். நிஜமாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

ஈரோட்டுப் பேச்சை மகன் மறுபடி எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன்.

"நான் இங்கதான் இருப்பேன். கேட்டாப் பேசுவேன்."

"சித்த அளவாப் பேசுங்கம்மா."

"நீ பேசப் பழகறதுக்கு முந்தியே எனக்கு அளவு தெரியும். போ."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இரண்டு காரில் வந்தார்கள். பேரன் இஸ்திரி போட்ட சட்டையோடு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். டெக்கில் சேர் போட்டிருந்தது. பெண்ணின் அப்பா தென்னையைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், கல் போடவில்லை. பெண்ணின் அம்மா அதிகம் பேசாத ஆள். காப்பி டம்ளரை வைத்துவிட்டு, டெக்கை ஒரு பார்வை, சுவரை ஒரு பார்வை பார்த்தார். என்னைவிடப் பத்து பதினைந்து வயது இளையவர்தான், ஆனால் பார்வை பழுத்த பார்வை. அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க, ஊடு ஆருங்க பேர்ல இருக்குது?"

மகன் டம்ளரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான். மருமகள் என் சேரின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். மகன் பேரில் என்று சொன்னால் எல்லாம் சுமுகமாகப் போகும். அந்த அம்மாவும் அதைத்தான் கேட்க வந்திருக்கிறார். எனக்குத் தெரியும்.

"என்ற பேர்லதானுங்க" என்றேன். "நா இருக்கற மட்டும் என்ற பேர்லதான் இருக்கும். பொறகு இவங்களுக்கு. உங்க பொண்ணு வந்தா இந்த ஊட்ல என்ற கூட இருக்கலாம், டவுன்லயும் இருக்கலாம். ஆனா மாத்தி எழுதச் சொல்லிக் கேக்கக் கூடாது."

பேரன் தென்னை மரத்தைப் பார்த்தான்.

அந்த அம்மா சேரை என் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "எங்க ஊடும் என்ற பேர்லதானுங்க" என்றார். "இவரு எத்தனயோ வாட்டி கேட்டுப்போட்டாரு. நான் மாத்தித் தரல." பெண்ணின் அப்பா சட்டென்று எழுந்து மாட்டுச்சாளையைப் பார்க்கப் போய்விட்டார். இந்த முறை காப்பியை எல்லோரும் குடித்தார்கள்.

'ஊருக்குப் போயிச் சொல்லி உடறமுங்க' என்று கிளம்பினார்கள். அப்படிச் சொல்லிப் போகிறவர்கள் வாரக்கணக்கில் இழுப்பார்கள், இல்லாவிட்டால் சொல்லாமலே விடுவார்கள். இவர்கள் அன்று சாயங்காலமே புரோக்கரைவிட்டுச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சம்மதம், மேற்கொண்டு பேசலாம் என்று. மகன் போனை வைத்துவிட்டுத் துள்ளினான். மருமகள் ஆத்தாளை நினைத்துக் கும்பிட்டாள். பேரன் முதல் தடவையாக என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பத்து மணிக்கு வந்து பார்த்தவர்கள் ஆறு மணிக்குள் சரி என்கிறார்களே, இவ்வளவு அவசரம் எதற்கு? ஓரகத்தியின் தங்கை பெண் வீட்டார் ஊரில்தான் வாக்கப்பட்டிருக்கிறாள். அந்த வீட்டுக்கு உள்பக்கம் எப்போது பெயிண்ட் அடித்தார்கள் என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.